மொட்டை மரத்தின் தலை

எலாதியோ என்னை ஏமாற்றுக்காரி என்று சொன்னது ஜூன் மாதத்து சான் ஹுவான் திருவிழாவில், ஊரே கூடி நின்ற மைதானத்தில். கொழுப்பு பூசின வழுக்குக் கம்பத்தை நட்டு, அதன் உச்சியில் பரிசு மூட்டையைக் கட்டி முடித்திருந்தார்கள். போன வருஷக் கம்பத்தை விட இது குட்டை என்று யாரோ குறைபட்டார்கள். உடனே எலாதியோ, வாயில் இருந்த சீப்பா ரொட்டியை மென்றுகொண்டே, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்.

"ஒசரம் பத்தலையா? எங்க குமா ஒதீலியாவக் கூப்பிடுங்க. கட்டைய ஒசரமாக்குற வித்தை அவளுக்குத்தான் அத்துப்படி."

சிலர் சிரித்தார்கள். என்ன விஷயம் என்று தெரியாதவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். நான் பாலாடைக்கட்டித் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். என் மகள் மிர்த்தாவுக்கு ஞானஸ்நானம் செய்தபோது அவளைக் கையில் ஏந்தி நின்றவர் இந்த மனுஷன். அன்றிலிருந்து அவர் எனக்குக் கும்ப்பா, நான் அவருக்குக் குமா. கூடப் பிறந்தவனிடம் கூட முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், கும்ப்பாவிடம் முடியாது. அப்படிப்பட்ட உறவு.

தட்டை அங்கேயே ஒரு பெஞ்சில் வைத்துவிட்டு அவர் முன்னால் போய் நின்றேன்.

"என்ன சொல்றீங்க கும்ப்பா? சுத்தி வளைக்காம சொல்லுங்க."

"சுத்தி வளைக்க என்ன இருக்கு? வேலி போட்ட அன்னிக்கு இடது பக்க மொட்டை மரத்து மேல ஒரு கட்டைய நட்டு வச்ச. அளந்து முடிச்சதும் எடுத்துட்ட. ஊத்து உன் பக்கம் வந்துருச்சு. நல்லா இரு."

விஷயம் இதுதான். ரோட்டோரத்தில் ஒரு லபாச்சோ மரம் நிற்கிறது. அங்கே நின்று ஓடையைப் பார்த்தால் இடது பக்கம் எலாதியோவின் நிலம், வலது பக்கம் என்னுடையது. ஓடைக்குச் சற்று முன்னால் இரண்டு மொட்டை மரங்கள். ஒரு காலத்தில் பெரிய மரங்கள். காட்டுத்தீயில் கருகித் தலை உடைந்து, இப்போது ஆளுயரத்துக்குக் கொஞ்சம் மேலே கட்டையாக நிற்கின்றன. இரண்டுக்கும் நடுவில் ஊற்று. எந்தக் கோடையிலும் வற்றாத, பல் கூசும் அளவுக்குக் குளிர்ந்த தண்ணீர். அவர் அப்பாவும் என் அப்பாவும் நிலத்தைப் பிரித்துக்கொண்டபோது வாய் வார்த்தையாகப் பேசிக்கொண்டது, லபாச்சோவிலிருந்து அந்த இரண்டில் உயரமான மரம் வரை நேர்கோடு என்று. இத்தனை வருஷம் வேலி இல்லை. ஊற்று இரண்டு வீட்டுக்கும் பொது. எது உயரம் என்று யாரும் மெனக்கெட்டு அண்ணாந்து பார்க்கவில்லை.

இந்த வருஷம் அவர் புதிதாக வாங்கிய காளைகள் என் மரவள்ளித் தோட்டத்துக்குள் புகுந்து துவம்சம் செய்தன. சரி, வேலி போட்டுவிடலாம் என்று இரண்டு பேரும் சிரித்துக்கொண்டேதான் முடிவு செய்தோம். மார்ச் மாதம், மழை விட்ட ஒரு காலை. வேலிக்காரன் திபுர்சியோ லபாச்சோவில் முதுகைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். "இடது பக்கத்துதான் ஒசரம்" என்றான். எலாதியோ பார்த்து "ஆமா, இடதுதான்" என்றார். நானும் பார்த்தேன். இடது பக்கத்து மரம் ஒரு சாண் உயரமாகத்தான் நின்றது. ஆறு கண்ணும் பார்த்தன. முளைக்குச்சிகளை நட்டு, கம்பியை இழுத்து, அந்த இடது மொட்டை மரத்திலேயே கடைசி ஆணியை அடித்தான் திபுர்சியோ. ஊற்று என் பக்கம் வந்தது. எலாதியோ முகம் கொஞ்சம் சுருங்கியது, ஆனால் பேச்சு மாறவில்லை. "வார்த்தைன்னா வார்த்தை" என்றார்.

அதற்குப் பிறகும் அவர் தினமும் வெயில் ஏறும் நேரத்துக்கு வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நிற்பார். நான் இந்தப் பக்கம் புதினாவை இடித்துப் போட்டு, ஊற்றுத் தண்ணீரில் தெரெரே என்கிற குளிர்ந்த இலைப் பானம் ஊற்றுவேன். மாட்டுக் கொம்புக் குவளை கம்பிக்கு மேலாகப் போகும், வரும். நிறுத்தாமல் போகும், வரும். போதும் என்று தோன்றுகிறபோது ஒருவர் "நன்றி" என்பார். அதோடு அவருக்கு ஊற்றுவதை நிறுத்த வேண்டும். எங்கள் ஊரில் பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த வழக்கம் அது. மே மாதத்தில் ஒரு நாள் எலாதியோ முதல் குவளையை உறிஞ்சி முடித்து என் கையில் கொடுத்தார்.

"நன்றி குமா."

ஒரே குவளை. எனக்குப் புரியவில்லை. வயிறு சரியில்லையோ என்று கூட நினைத்தேன், கேட்கவும் செய்தேன். அவர் திரும்பி நடந்துவிட்டார். அன்று காலை ஏதோ காளையைத் தேடி லபாச்சோ பக்கம் போனவர், தற்செயலாகத் திரும்பி இரண்டு மரங்களையும் பார்த்திருக்கிறார். வலது பக்கத்து மரம் உயரமாக நின்றிருக்கிறது. இது எனக்குத் தெரிந்தது சான் ஹுவான் மைதானத்தில்தான்.

"அப்படீன்னா வேலிய மாத்திப் போடுங்க" என்றேன்.

"மாத்த மாட்டேன். அது நான் குடுத்த வார்த்தை. நீ பண்ணினத நீயே ஒத்துக்கிட்டு வந்து ஆணியப் புடுங்கு. அது வரைக்கும் அந்தத் தண்ணி உனக்கு இனிக்கட்டும்."

மறுநாள் விடிந்ததும் லபாச்சோவுக்குப் போனேன். எலாதியோ பொய் சொல்லவில்லை. வலதுதான் உயரம், ஒரு சாண் உயரம். மார்ச் மாதம் என் கண்ணால் பார்த்ததும் பொய்யில்லை. அவர்தான் இடது மரத்தின் தலையை வெட்டியிருக்க வேண்டும் என்று நினைத்து ஓடிப்போய்ப் பார்த்தேன். வேலிக் கம்பியில் கால் வைத்து ஏறி உச்சியைத் தடவினேன். வெட்டின தடமே இல்லை. மழையிலும் வெயிலிலும் சாம்பல் நிறமாகிப்போன பழைய முறிவு. நடுவில் உள்ளங்கை அளவுக்கு ஒரு பள்ளம். பக்கவாட்டில் சுண்ணாம்பு வழிந்த மாதிரி வெள்ளைக் கறை. அதைப் பார்த்துவிட்டு, எனக்கென்ன என்று இறங்கிவிட்டேன். அவரும் வெட்டவில்லை, நானும் நடவில்லை. அப்புறம் எப்படி? அந்த மரங்கள் உயிரோடு இருந்தபோது எது உயரம் என்று ஊரில் விசாரித்தால் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க ஊர் வாயில் என் பேச்சுதான். கடையில் பாலாடைக்கட்டியை வைத்தால், "ஒதீலியாம்மா, இதுக்கு அடியில கட்டை வச்சு ஒசரமாக்கலியே?" என்பான் கடைக்காரன். கோயில் வாசலில் பெண்கள் குசுகுசுப்பார்கள். திபுர்சியோ என்னைக் கண்டால் தெருவை மாற்றினான். தன் கண்தான் தப்பு என்று ஆகிவிட்டால் அவனுக்கு அடுத்த வேலி யார் கொடுப்பார்கள்? எலாதியோவின் மனைவி பிளாசிதா மட்டும் ஒரு நாள் வழியில் நிறுத்தி, "ஒத்துக்கிட்டா என்ன ஒதீலியா? அந்த மனுஷன் அன்னிக்கே மறந்துடுவாரு" என்றாள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. செய்யாததை எதற்கு ஒத்துக்கொள்ள வேண்டும்? என் பெயர் என்ன, கிழிந்த பாவாடையா, தைத்துப் போட்டுக்கொள்ள?

பால் கேன்களைத் தூக்கிக்கொண்டு தினமும் லபாச்சோ வழியாகத்தான் போவேன். தினமும் அங்கே நின்று ஒரு கண்ணை மூடிப் பார்ப்பேன். வலது உயரம். நேற்றும் வலது, இன்றும் வலது. லபாச்சோ இலையை உதிர்த்தது, ஆகஸ்டில் உடம்பெல்லாம் ரோஜா நிறத்தில் பூத்தது, பூவையும் கொட்டியது. நான் பார்ப்பதை மட்டும் விடவில்லை.

வெயில் திரும்பியதும் ஒரு சாயங்காலம் ஓடைப் பக்கமிருந்து அந்த அழுகை கேட்டது. உரக்கத் தொடங்கி, படி இறங்குகிற மாதிரி ஒவ்வொரு குரலாகத் தாழ்ந்துபோய் முடிகிற அழுகை. உருதாவ் பறவை திரும்பிவிட்டது. குளிருக்கு எங்கோ வடக்கே போய்விடும், சூடு வந்ததும் வந்துவிடும். விட்டுப்போன காதலனை நினைத்து அழுகிற பெண்தான் அப்படிப் பறவையாகிவிட்டாள் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். என் வீட்டுக்காரர் பூவெனோஸ் ஐரெஸில் கட்டட வேலைக்குப் போனவர், போனவர்தான். அதனால் உருதாவ் கூவும்போதெல்லாம் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டுகிற பெண்கள் உண்டு. மொட்டை மரத்தில் உட்கார்ந்து அழ எனக்கு எங்கே நேரம்? மாடு தன்னைத் தானே கறந்துகொள்ளுமா?

அக்டோபரில் ஒரு காலை. கேன்களை இறக்கிவைத்து, வழக்கம்போல ஒரு கண்ணை மூடினேன். இடது மரம் உயரமாக நின்றது.

கண்ணைத் தேய்த்துவிட்டுப் பார்த்தேன். இடதுதான் உயரம். என் தலைக்கு ரத்தம் ஏறியது. யாரோ மறுபடியும் கட்டையை வைத்திருக்கிறார்கள். யார் வைப்பார்கள்? எலாதியோதான். என்னைக் கேலி செய்ய, அல்லது ஊரைக் கூட்டி வந்து "பாருங்கள், மறுபடியும் செய்துவிட்டாள்" என்று காட்ட. கத்தியை இடுப்பிலிருந்து உருவிக்கொண்டு, பனியில் நனைந்த புல்லை மிதித்துக்கொண்டு நேராக நடந்தேன். அந்தக் கட்டையைக் கொண்டுபோய் அவர் வீட்டு வாசலில் விறகாகப் பிளந்து போடுவது என்று முடிவு.

கிட்டே போனேன். மரத்தின் தொடர்ச்சி மாதிரியே பொருத்தியிருந்தார்கள். அதே சாம்பல் நிறம், அதே கருப்புக் கோடுகள், உச்சியில் முறிந்த கிளை மாதிரி சாய்வாக ஒரு கூர். நல்ல வேலைக்காரன்தான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே கத்தியின் முதுகால் தட்ட ஓங்கினேன். அப்போது காற்று அடித்தது. கட்டை மெல்ல ஆடியது. கட்டையின் ஓரத்தில் பஞ்சு மாதிரி ஏதோ ஒன்று நிமிர்ந்து படிந்தது.

கத்தியை இறக்கினேன். இன்னும் ஒரு அடி கிட்டே போய்ப் பார்த்தேன். கூருக்குக் கீழே மூடின இமை. அந்த இமையில் நகக்கீறல் அளவுக்கு இரண்டு வெட்டு. அந்த வெட்டு வழியாக ஏதோ பளபளத்தது. கண்ணை மூடிக்கொண்டே அது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது, இரண்டும் ஒன்றாக வந்தது. பகலெல்லாம் கட்டையாக நிற்பது உருதாவின் பிழைப்பு என்று எனக்குத் தெரியாதா என்ன? எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஒரு முறை பிடித்த இடத்துக்கே திரும்பத் திரும்ப வரும் என்பதும் தெரியும். ஆனால் மார்ச் மாதம் மூன்று பேரும் மரத்தைத்தான் தேடினோம், மரத்தைத்தான் பார்த்தோம். ஆணி அடித்தபோது எல்லோர் கண்ணும் கம்பியில்தான் இருந்தது, மேலே இருந்ததும் அசையவில்லை. முழ நீளப் பறவை எங்கள் அப்பன்மார் போட்ட எல்லைக்கு மேலே நின்று, ஒரு சாண் உயரத்தை எனக்கு இனாமாகக் கொடுத்துவிட்டது.

அன்று சாயங்காலம் மறுபடியும் போனேன். வெளிச்சம் மங்குகிற நேரத்தில் கட்டை உடம்பைச் சிலிர்த்துக்கொண்டது, கழுத்தை உள்ளே இழுத்துப் பறவையானது, மஞ்சள் கண்ணைத் திறந்தது, சத்தமே இல்லாமல் பறந்து அந்துப்பூச்சி பிடிக்கப் போனது. கம்பியில் ஏறிப் பார்த்தேன். நான் தடவிப் பார்த்த அதே பள்ளத்தில் ஒரு முட்டை. ஒன்றே ஒன்று. வெள்ளையில் மங்கலான புள்ளிகள். ஒரு வைக்கோல் இல்லை, ஒரு இறகு இல்லை. என் கோழிக்குக்கூட இதைவிடப் பொறுப்பு அதிகம் என்று திட்டிவிட்டு இறங்கினேன். முட்டை இருந்தால் பறவை பகலில் நகராது. குஞ்சு பொரித்து அது பறக்கும் வரை இங்கேதான் நிற்கும். எலாதியோவை இழுத்து வர எனக்கு அவகாசம் இருந்தது.

அவகாசம் இருந்ததால்தான் யோசனையும் வந்தது. இதைக் காட்டினால் என் பெயர் கழுவப்படும். கூடவே வலது மரம்தான் உயரம் என்று என் வாயாலேயே சொன்னதாகிவிடும். வேலி தள்ளிப்போகும். ஊற்று போய்விடும். என் மாடுகளும் என் பாலாடைக்கட்டியும் அந்தத் தண்ணீரில்தான் ஓடுகின்றன. எங்கள் பக்கம் ஓடைக்கரை செங்குத்து, மாடு இறங்காது; ஊற்று இல்லையென்றால் ரோட்டைத் தாண்டி, மேட்டைத் தாண்டி ஓடையின் கீழ்த்துறை வரை போக வேண்டும். பேசாமல் இருந்தால்? எலாதியோ வேலியைத் தொட மாட்டார். ஏமாற்றுக்காரி என்ற பெயரோடு ஊற்று எனக்கே எனக்கு.

அன்று இரவு கறந்த பாலைக் காய்ச்ச மறந்துபோய் அது திரிந்துவிட்டது. திரிந்த பாலைப் பன்றிக்கு ஊற்றும்போதே முடிவு செய்துவிட்டேன்.

காலையில் எலாதியோவின் முற்றத்தில் போய் நின்றேன். பிளாசிதா மரவள்ளி உரித்துக்கொண்டிருந்தாள். அவர் சேணத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார், தலை தூக்கவில்லை.

"கும்ப்பா, லபாச்சோ வரைக்கும் வாங்க."

"எதுக்கு? ஒத்துக்கப் போறியா?"

"வந்து பாருங்க. பயமா இருந்தா பிளாசிதாவக் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க."

பிளாசிதா கத்தி பிடித்த கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர் சேணத்தைப் போட்டுவிட்டு எழுந்தார். வழியில் திபுர்சியோவின் வீட்டு வாசலில் நின்று, தெருவை மாற்ற அவனுக்கு இடம் கொடுக்காமல் அவனையும் இழுத்துக்கொண்டேன். லபாச்சோவில் எலாதியோ முதுகைச் சாய்த்து ஒரு கண்ணை மூடினார். மறுகணம் முகம் சிவந்துபோயிற்று.

"பாத்தியா திபுர்சியோ! கட்டைய மறுபடியும் வச்சிருக்கா! என்னையே கூட்டிட்டு வந்து காட்டுறா, என்ன தைரியம்!"

"போய் எடுத்துட்டு வாங்க" என்றேன். "ஊருக்கே காட்டலாம். ஆனா கத்தி வேணாம், கையால எடுங்க."

அவர் விடுவிடுவென்று போனார். நாங்கள் பின்னால் ஓடினோம். மரத்தடியில் நின்று, கம்பியில் ஒரு காலை வைத்து எம்பி, கட்டையைப் பிடிக்கக் கையை நீட்டினார். கை ஒரு சாண் தூரத்தில் இருக்கும்போது கட்டை வாயைத் திறந்தது.

என் கும்ப்பாவின் தலையே உள்ளே போகும் போல இருந்தது, அப்படி ஒரு வாய். இரண்டு மஞ்சள் கண்ணும் ஒன்றாகத் திறந்தன. எலாதியோ கன்னி மரியாளைக் கூப்பிட்டபடியே மல்லாக்கப் போய்ப் புல்லில் விழுந்தார். தொப்பி ஊற்றில் விழுந்து மிதந்தது. திபுர்சியோ வாய்விட்டுச் சிரித்தான். சிரித்த பிறகுதான் தனக்கும் விடுதலை கிடைத்தது அவனுக்குப் புரிந்தது.

"என் கண்ணு நல்லா இருக்கு! தோன் எலாதியோ, என் கண்ணுல கோளாறு இல்ல! உருதாவ்தான்!"

பறவை மட்டும் பறக்கவில்லை. மெல்ல வாயை மூடி, கண்ணை மூடி, மூக்கை வானத்துக்குத் தூக்கி மறுபடியும் கட்டையானது. அடியில் முட்டை இருக்கிறதே.

எலாதியோ உட்கார்ந்தபடியே அதைப் பார்த்தார். பிறகு வலது மரத்தைப் பார்த்தார். பிறகு ஊற்றைப் பார்த்தார். அவர் மண்டைக்குள் கணக்கு ஓடுவது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"அப்போ ஊத்து என்னோடது."

"ஆமா."

"அது தெரிஞ்சேதான் கூப்பிட்டியா?"

"தெரிஞ்சேதான். தண்ணியத் தலையில சுமக்கலாம் கும்ப்பா. நீங்க குடுத்த பேரச் சுமக்க முடியல."

அவர் எழுந்து பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டார். வெட்கப்பட்டால் கோபப்படுகிற ஜாதி அவர். "நாளைக்கே கடப்பாரையோட வா திபுர்சியோ. வேலிய அந்த மரத்துக்கு மாத்து. அடுத்தவங்க தயவுல ஒரு நாள் கூட நான் இருக்க மாட்டேன்."

"நாளைக்கு முடியாது" என்றேன். "கம்பியோட இழுப்பு பூரா இந்த மரத்துலதான் இருக்கு. கடப்பாரை போட்டா மரம் அதிரும், முட்டை கீழ விழும். குஞ்சு பறந்தப்புறம் மாத்துங்க."

எலாதியோ என்னை ஏற இறங்கப் பார்த்தார். உதட்டோரம் கோணியது.

"அடேங்கப்பா. அது வரைக்கும் தண்ணி உனக்கு. நல்ல பறவை வளக்குற குமா."

அவர் கன்னத்தில் அறைந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. குரலை உயர்த்தாமல் சொன்னேன்.

"ரெண்டு விஷயம். ஞாயித்துக்கிழமை கோயில் வாசல்ல, திருவிழாவுல எப்படி உரக்கச் சொன்னீங்களோ அதே மாதிரி உரக்க, கட்டை வச்சது ஒதீலியா இல்லன்னு சொல்லணும். ரெண்டாவது, இந்தக் குஞ்சு பறக்குற வரைக்கும் அந்த ஊத்துல நான் ஒரு சொட்டு எடுக்க மாட்டேன். மரத்த மட்டும் யாரும் தொடக்கூடாது."

ஞாயிற்றுக்கிழமை அவர் சொன்னார். தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு, "கட்டை வச்சது ஒதீலியா இல்ல, ஒரு உருதாவ்" என்றார். ஊர் சிரித்தது, இந்த முறை என்னைப் பார்த்து அல்ல. அதோடு சரி. வேலிப் பக்கம் அவர் தெரெரேக்கு வரவில்லை. கூப்பிட எனக்கும் வாய் வரவில்லை; கூப்பிட்டால் எந்தத் தண்ணீரை ஊற்றுவது?

நவம்பர் வெயிலில் கீழ்த்துறையிலிருந்து தண்ணீர் சுமந்து பாருங்கள், தெரியும். காலையில் போய் வருவேன், பால் கறந்துவிட்டு மறுபடியும், சாயங்காலம் மாடுகளை ஓட்டிக்கொண்டு மறுபடியும். என் சொந்த வேலிக்குள்ளே, நாலு எட்டு வைத்தால் தொடக்கூடிய தூரத்தில் ஊற்று கொப்பளித்துக்கொண்டிருக்கும். மாடுகள் அந்தப் பக்கம் தலையைத் திருப்பும். கழுத்துக் கயிற்றை இழுத்து மேட்டில் ஏற்றுவேன். முதுகு விட்டுப்போயிற்று. பாலாடைக்கட்டி பாதியாகக் குறைந்தது. சாயங்காலங்களில் வேலிக்கு அந்தப் பக்கம் எலாதியோ குதிரையில் நின்று நான் போவதைப் பார்ப்பார். பார்க்கட்டும் என்று நடப்பேன்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் கூப்பிட்டார். "குமா, முகத்தையாச்சும் கழுவிக்கோ. முகம் கழுவினா ஊத்து வத்திடாது."

"சொட்டுன்னா சொட்டுதான்."

"கழுதைக்குக் கூட இந்தப் பிடிவாதம் கிடையாது."

"உங்களுக்கு இருக்கே" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

முட்டை பொரிந்தது. பறவையின் நெஞ்சில் வெள்ளைக் காளான் முளைத்த மாதிரி குஞ்சின் தலை தெரிந்தது. நாள் போகப் போகக் காளான் சாம்பல் நிறமானது. யாராவது கிட்டே போனால் பெரியது மூக்கைத் தூக்கிக் கட்டையாகும். அதைப் பார்த்துச் சின்னதும் தன் குட்டி மூக்கைத் தூக்கிக் குட்டிக் கட்டையாகும். பகலில் காவல் இருப்பது அனேகமாக அப்பன் என்று திபுர்சியோ எங்கோ கேட்டு வந்து சொன்னான். அழுகிற பெண் என்று இத்தனை காலம் சொன்னோமே என்று எனக்குச் சிரிப்பாக வந்தது. ஓடிப்போகாத ஒரு அப்பனையாவது பார்த்தேனே. அந்த மரத்தைக் கடக்கும்போதெல்லாம், "சீக்கிரம் வளர்ந்து தொலை, என் முதுகு தாங்கல" என்று குஞ்சுக்குச் சொல்லிவிட்டுப் போவேன். பிறகு பெரியது வருவதை நிறுத்திவிட்டது. சின்னது தனியாக, மூக்கைத் தூக்கிக்கொண்டு, பெரிய மனுஷத் தோரணையில் நின்றது. ஜனவரியில், மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு முன்னால் ஒரு காலை அதுவும் இல்லை. பள்ளம் காலியாக இருந்தது.

நானே போய் எலாதியோவின் வாசலில் நின்று சொன்னேன். "பறந்துருச்சு. ஆணியப் புடுங்கலாம்."

லபாச்சோவடியில் மூன்று பேரும் கூடினோம். திபுர்சியோ கடப்பாரையையும் கம்பி இழுக்கிற கருவியையும் கீழே வைத்தான். இடது மரம் குட்டையாக, வழுக்கையாக நின்றது. வலது மரம் ஒரு சாண் உயரமாக நின்றது. பார்வை இல்லாதவன் தடவிப் பார்த்தாலும் தெரியும்.

"எந்த மரம் தோன் எலாதியோ?" என்றான் திபுர்சியோ, சும்மா ஒரு முறைக்கு.

எலாதியோ மரத்தில் முதுகைச் சாய்த்தார். ஒரு கண்ணை மூடினார். அவசரப்படவில்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டு மறுபடியும் பார்த்தார்.

"இடது" என்றார். "இடதுதான் ஒசரம்."

திபுர்சியோ என்னைப் பார்த்தான். "தோன் எலாதியோ, மேல பறவை இல்லியே..."

"பறவையப் பத்தி யாருடா கேட்டா? எனக்கு இங்கேருந்து இடதுதான் ஒசரமாத் தெரியுது. மார்ச்சுலயும் அதான் சொன்னேன், இப்பவும் அதான் சொல்றேன். நான் என்ன பேச்சு மாத்துறவனா?"

"பிச்சை போடாதீங்க கும்ப்பா" என்றேன்.

"பிச்சையா? உனக்கா? தண்ணிக்குப் பக்கத்துலயே நின்னுகிட்டு இவ்வளவு நாளு தாகமா இருந்தவளுக்கு யாரு பிச்சை போட முடியும்? கண்ணு தெரியலைன்னா உன் கண்ணத் துடை."

கண்ணைத் துடைத்தேன். வேறு வழி இல்லை, நிஜமாகவே ஒன்றும் தெரியவில்லை.

"சரி" என்றேன். "ஆனா ஊத்துப் பக்கம் வேலியில ஒரு கதவு வைக்கணும். உங்க காளையும் அங்க வந்து குடிக்கணும். இல்லைன்னா நானே ஆணியப் புடுங்குவேன்."

"அதுங்க உன் மரவள்ளியத் தின்னா?"

"தின்னா சான் ஹுவான் மைதானத்துல வந்து கத்துவேன்."

திபுர்சியோ கம்பியை அறுத்துக் கதவுக்கு இடம் செய்ய ஆரம்பித்தான். நான் ஊற்றுக்கு இறங்கினேன். அக்டோபருக்குப் பிறகு முதல் முறையாகக் கையை உள்ளே விட்டேன். முழங்கை வரை சில்லென்று ஏறியது. புதினாவைக் கல்லில் வைத்து இடித்தேன், கொம்புக் குவளையில் போட்டேன், தண்ணீரை ஊற்றினேன். எலாதியோ கம்பிக்கு அந்தப் பக்கம், அவருடைய பழைய இடத்தில் வந்து நின்றார். குவளையை நீட்டினேன். உறிஞ்சினார், அடியில் கடகடவென்று சத்தம் வரும் வரை உறிஞ்சினார். குவளையைத் திருப்பிக் கொடுத்தார்.

அந்த வார்த்தைக்காகக் காத்துக்கொண்டு குவளையோடு நின்றேன். மே மாதம் கேட்ட வார்த்தை காதிலேயே இருந்தது.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் அசையாமல் நிற்பதைப் பார்த்து எரிச்சலாகிவிட்டார்.

"என்ன குமா, நீயும் கட்டையாயிட்டியா? ஊத்து."